லைப்சிக் தோமா ஆலயத்தில் கிறிஸ்மஸ் ஓரட்டோரியோ: போகிறவர்களுக்கு ஒரு விமர்சனம்

டிசம்பரில் ஜெர்மனியில் இருப்பவர்கள், அல்லது அந்தச் சமயத்தில் இந்தப் பக்கம் வரப் போகிறவர்கள், இசைக்கென்று ஒரே ஒரு மாலையைத்தான் ஒதுக்க முடியும் என்றால் அதை லைப்சிக் நகரத்தின் புனித தோமா ஆலயத்துக்குக் கொடுங்கள். யோஹான் செபாஸ்டியன் பாக் எழுதிய கிறிஸ்மஸ் ஓரட்டோரியோ (பைபிள் கதையைப் பாடகர்களும் இசைக்குழுவும் நடிப்பில்லாமல் இசையாலேயே சொல்லும் பெரிய படைப்பு), பாடுவது அந்த ஆலயத்தின் தோமானர் கொயர் என்னும் பாடகர் குழு, வாசிப்பது அதே நகரத்தின் கெவான்ட்ஹவுஸ் இசைக்குழு. 1723 முதல் 1750இல் இறக்கும்வரை பாக் வேலை பார்த்த இடம் அது, அவர் பயிற்சி கொடுத்த அதே கொயர் இன்றும் அங்கே பாடுகிறது, அவரைப் புதைத்திருப்பதும் அங்கேதான். இப்படிச் சொன்னால் ஏதோ புண்ணியத்தலம் பார்க்கப் போவதுபோலத் தோன்றும். ஆனால் நான் போகச் சொல்வது அதற்காக இல்லை. அந்தக் கட்டடத்தில் அந்த இசை வந்து சேரும் விதம் வேறெங்கும் கிடைக்காதது, அதற்காக.

முதலில் இருக்கை விஷயம், ஏனென்றால் இதைத் தெரிந்துகொள்ளாமல் போகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள். தோமா ஆலயத்தில் கொயரும் இசைக்குழுவும் உங்கள் முன்னால் மேடையில் நிற்பதில்லை. மேற்குப் பக்கம், வாசலுக்கு மேலே இருக்கும் மாடத்தில், பெரிய ஆர்கனுக்கு முன்னால் நிற்கிறார்கள். பீடம் இருப்பது கிழக்கே. ஆக, கீழே பெஞ்சில் பீடத்தைப் பார்த்து உட்கார்ந்தால் மொத்த இசையும் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து, தலைக்கு மேலேயிருந்து வரும். ஒன்றரை மணி நேரம் ஒரு பாடகர் முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்க வேண்டியிருக்கும். முதல் ஐந்து நிமிடம் பலர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள், பிறகு விட்டுவிடுகிறார்கள், அதற்குப் பிறகுதான் உண்மையில் கேட்க ஆரம்பிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு வடக்கிலும் தெற்கிலும் நீளமாக ஓடும் பக்கவாட்டு மாடங்கள் இருக்கின்றன, அங்கே மேற்கு மூலைக்கு எவ்வளவு பக்கத்தில் இடம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. ஆனால் என் விருப்பம் கீழே நடுக்கூடம்தான், நடுவழியை ஒட்டின பெஞ்சு, பாதிக்குக் கொஞ்சம் பின்னால். பக்கவாட்டு மாடத்துக்கு அடியில் இருக்கும் வரிசைகளைத் தவிர்க்கப் பாருங்கள், மேலே மாடம் கூரையாக வந்துவிடுவதால் ட்ரம்பெட்டின் பளபளப்பு அங்கே முழுதாக இறங்காது. பெஞ்சு மரம், குஷன் எதிர்பார்க்க வேண்டாம். கோட்டைக் கழற்றி மடித்துக் கீழே போட்டுக்கொள்ளலாம், உள்ளே அந்த அளவுக்குச் சூடு இருக்கும்.

சரி, இசைக்கு வருகிறேன்.

ஓரட்டோரியோ என்று பெயர் இருந்தாலும் இது ஒரே மூச்சில் கேட்பதற்கு எழுதப்பட்டது இல்லை. ஆறு பாகம். 1734 கிறிஸ்மஸ் அன்று தொடங்கி 1735 ஜனவரி 6 வரை, கிறிஸ்மஸின் மூன்று நாள், புத்தாண்டு, அதற்கடுத்த ஞாயிறு, பிறகு ஞானிகள் வந்த திருநாள் என்று ஆறு ஆராதனைகளில் ஒவ்வொரு பாகமாகப் பாடினார்கள். லைப்சிக்கில் இரண்டு பெரிய ஆலயங்கள், தோமா ஒன்று, நிக்கோலாய் மற்றொன்று. முதல் பாகத்தைக் காலையில் நிக்கோலாயில் பாடிவிட்டு, அன்றைக்கே மத்தியானம் தோமாவுக்கு வந்து மறுபடி பாடியிருக்கிறார்கள். மூன்றாம் பாகமும் ஐந்தாம் பாகமும் நிக்கோலாயில் மட்டும். இன்றைக்கு மாலைக் கச்சேரியில் பெரும்பாலும் முதல் மூன்று பாகத்தையோ கடைசி மூன்று பாகத்தையோ சேர்த்துத் தருகிறார்கள், டிக்கெட் எடுக்கும்போது எந்தப் பாகங்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் கேட்டது முதல் மூன்று.

டிம்பனியில், அதாவது கிண்ணம் மாதிரி இருக்கும் பெரிய முரசில், தொடங்குகிறது. வேறு எந்தக் கருவியும் கிடையாது, டிம்பனி மட்டும் ஐந்து அடி. உடனே ஃப்ளூட் பதில் சொல்கிறது, மறுபடி டிம்பனி, நாணல் வைத்து ஊதும் ஓபோ, பிறகு வயலின்கள் சரசரவென்று மேலிருந்து இறங்க, மூன்று ட்ரம்பெட்டும் எழும்புகின்றன. முகூர்த்த நேரத்தில் கெட்டிமேளம் கொட்டினால் பேசிக்கொண்டிருக்கிற கூட்டம் மொத்தமும் ஒரு பக்கம் திரும்புமே, அந்த மாதிரி. அன்றைக்கு ஆலயம் முழுக்க ஆட்கள், கோட்டு சரசரப்பு, இருமல், குழந்தைகள் பேச்சு. அந்த ஐந்து அடி விழுந்ததும் எல்லாம் நின்றது.

டிம்பனி ஏன் தனியாகத் தொடங்குகிறது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. இந்தக் கோரஸ், அதாவது கொயர் சேர்ந்து பாடும் பாட்டு, முதலில் கிறிஸ்மஸுக்கு எழுதியதே இல்லை. 1733 டிசம்பர் 8 அன்று சாக்ஸனி ஆட்சியாளரின் மனைவியும் போலந்து ராணியுமான மரியா ஜோசஃபாவின் பிறந்த நாளுக்கு பாக் ஒரு கான்டாட்டா (குரலுக்கும் கருவிகளுக்குமாகப் பல பாட்டுகளைக் கோத்த படைப்பு) செய்தார், அதன் முதல் வரி டிம்பனிகளைப் பார்த்து ஒலிக்கச் சொல்லும், அடுத்தது ட்ரம்பெட்டுகளை முழங்கச் சொல்லும். சொன்னபடியே டிம்பனி ஒலிக்கிறது, சொன்னபடியே ட்ரம்பெட் முழங்குகிறது. அது அரங்கேறியது ஆலயத்தில் இல்லை, ஸிம்மர்மன் காப்பிக்கடையில். ஒரு வருடம் கழித்து அதே இசைக்குப் புதுச் சொற்கள் போட்டு, மகிழ்ந்து ஆர்ப்பரியுங்கள் என்று மாற்றி, ஆலயத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். காப்பிக்கடையில் ராணிக்கு வாசித்ததைக் கர்த்தருக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. நேரில் கேட்டுவிட்டு வந்த பிறகு எனக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. இவ்வளவு நல்ல இசை ஒரு பிறந்த நாள் விருந்தோடு முடிந்துபோக அவர் விடவில்லை என்பதுதான் எனக்குப் படுவது.

இதே மாதிரி இன்னும் பல இடங்கள். இரண்டாம் பாகத்தில் ஆல்ட்டோ (சோப்ரானோ என்னும் உச்சக் குரலுக்கு அடுத்த குரல்) பாடும் தாலாட்டு இருக்கிறது, குழந்தை இயேசுவைத் தூங்கச் சொல்வது. அடியில் கம்பிவாத்தியங்கள் ஒரே சீராக ஆட, பாடுகிறவரின் குரலை ஃப்ளூட் ஒரு ஸ்தாயி மேலே அப்படியே கூட வந்து பிடித்துக்கொள்கிறது, தூங்கு என்ற சொல்லில் குரல் ஒரே ஸ்வரத்தில் நீண்டு நிற்கிறது. அதன் பழைய வடிவத்தில் இது கிரேக்கக் கதை வீரன் ஹெர்குலிஸை மயக்கி வழிமாற்றப் பார்க்கும் சிற்றின்பம் என்னும் பாத்திரம் பாடிய பாட்டு. முதல் பாகத்தில் சீயோனே உன்னைத் தயார் செய்துகொள் என்று மென்மையாக வரும் ஆரியா, அதாவது தனிக்குரல் பாட்டு, அதே ஹெர்குலிஸ் அந்தச் சிற்றின்பத்தைப் பார்த்து உன் பேச்சைக் கேட்கமாட்டேன் என்று விரட்டிய பாட்டு. இளவரசர் ஒருவரின் பதினோராவது பிறந்த நாளுக்கு எழுதிய கான்டாட்டாவிலிருந்து இரண்டும் வந்தவை. கோபம் ஒன்றை வரவேற்பாக மாற்ற என்ன செய்திருக்கிறார் என்று தேடினால், ராகத்தை அவ்வளவாகத் தொடவில்லை, வாசிக்கும் பாணியைத்தான் மாற்றியிருக்கிறார், வெட்டி வெட்டி வந்ததை இழைத்து வாசிக்கக் குறிப்பு எழுதியிருக்கிறார். வீட்டில் இரண்டையும் அடுத்தடுத்து ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள், ஆலயத்தில் அந்த ஆரியா வரும்போது காது தானாக விழித்துக்கொள்ளும்.

இப்போது நம்மவர்களுக்கு, அதிலும் லுத்தரன் சபையிலோ சி.எஸ்.ஐ. சபையிலோ வளர்ந்தவர்களுக்கு, முக்கியமான இடம். முதல் பாகத்தில் கொஞ்ச நேரத்திலேயே ஒரு கோரல், அதாவது சபைப் பாட்டு, வருகிறது. உம்மை நான் எப்படி வரவேற்பேன் என்று கிறிஸ்துவைக் கேட்கும் பாட்டு, சொற்கள் பவுல் கெர்ஹார்ட் எழுதியவை. கிறிஸ்மஸ் சொற்கள்தான், ஆனால் மெட்டைக் கேட்டதும் எனக்குக் கை சில்லிட்டது. நம் ஊரில் பெரிய வெள்ளிக்கிழமை அன்று பாமாலையில் பாடுவோமே, "இரத்தம் காயம் குத்தும்" என்று, அந்த மெட்டு. சிலுவையில் தொங்கும் தலையைப் பார்த்துப் பாடும் மெட்டை பாக் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். சிறு வயதிலிருந்து கருப்பும் வெள்ளையுமாய் உடுத்திக்கொண்டு, வெயிலில் மூன்று மணி ஆராதனையில் உட்கார்ந்து பாடிய மெட்டு, வெளியே உறைபனியும் கிறிஸ்மஸ் சந்தையுமாக இருக்கும்போது, சிறுவர்கள் குரலில், பின்னாலிருந்து வருகிறது.

இதை அவர் வேண்டுமென்றேதான் செய்தாரா என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து கிடையாது. அந்த மெட்டு 1601இல் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் ஒரு காதல் பாட்டுக்குப் போட்டது, பாக் காலத்தில் பல விதமான பாட்டுகளை அதில் பாடியிருக்கிறார்கள், ஆகவே கேட்டவர்களுக்குச் சிலுவைதான் நினைவுக்கு வந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆறாம் பாகத்தில் கடைசிப் பாட்டாகவும் அதே மெட்டையே வைத்து, இந்தத் தடவை ட்ரம்பெட்டும் டிம்பனியும் சூழ, வெற்றிப்பாட்டாக முடிக்கிறார். முதல் கோரலும் அது, கடைசிக் கோரலும் அது. தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு குழந்தையின் பிறப்பைப் பாடும்போதே அது எங்கே போய் முடியும் என்பதையும் ஒரு மனிதர் மனதில் வைத்திருந்தார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

தரங்கம்பாடிக்கும் லைப்சிக்குக்கும் இருக்கும் தொடர்பும் சும்மா வந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தரங்கம்பாடி மிஷனைப் பொறுப்பெடுத்துக்கொண்டது லைப்சிக் மிஷன், அதிலிருந்துதான் 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனியாக உருவானது. அந்த மிஷனின் இயக்குநர் கார்ல் கிரௌல் தமிழ் படித்து, நம் நாட்டில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்து 1856இல் இதே லைப்சிக்கில் வெளியிட்டார். ஆக அந்தக் கோரல்கள் நம் ஞானப்பாட்டுப் புத்தகங்களுக்கு வந்த பாதையில் இந்த ஊரும் இருக்கிறது. தஞ்சாவூர், திருச்சி, தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது ஜெர்மனியில் படிக்கிறீர்கள், வேலை பார்க்கிறீர்கள். லைப்சிக் போனால் இந்த இசையைக் கேட்காமல் திரும்பாதீர்கள்.

கொயரைப் பற்றி. தோமானர் 1212 முதல் இருக்கிறது, 2012இல் எண்ணூறு வருடம் கொண்டாடினார்கள். எல்லாரும் பையன்கள், ஒன்பது வயதிலிருந்து பள்ளி முடிக்கும் பதினெட்டு வயது வரை, சேர்ந்து விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். சோப்ரானோவும் ஆல்ட்டோவும் சின்னப் பையன்கள், டெனரும் பேஸும் குரல் உடைந்த அண்ணன்கள். சின்னவர்கள் மாலுமிச் சட்டை போட்டிருப்பார்கள், கச்சேரி முடிந்து கைதட்டும்போது எழுந்து திரும்பினால் பார்க்கலாம். பையன்களின் சோப்ரானோ பெண்கள் பாடும் சோப்ரானோ மாதிரி வட்டமாக, நிறைவாக இருக்காது. நேராகப் போகும், அதிர்வு கிடையாது, உச்சத்தில் கொஞ்சம் கூர்மையாகக்கூட இருக்கும். சிலருக்கு அது பிடிக்காது, சுருதி நூலளவு ஆடுகிறதே என்பார்கள். எனக்கு அதுதான் வேண்டும். இரண்டாம் பாகத்தில் வானத்துத் தூதர்கள் உன்னதத்தில் தேவனுக்கு மகிமை என்று பாடும் கோரஸ், ஒரு குரல் விட்டதை இன்னொரு குரல் பிடித்துக்கொண்டு ஓடும், நாலு குரலும் நாலு திசையில் பின்னிக்கொள்ளும், அந்த வேகத்தில் பத்து வயதுப் பையன்கள் ஓர் எழுத்தைக்கூட விழுங்கவில்லை. வருடம் முழுக்க வாராவாரம் பாக் பாடுகிறவர்களுக்குத்தான் அது வரும்.

இரண்டாம் பாகத்தின் தொடக்கம் தனியாகச் சொல்ல வேண்டியது. இங்கே ட்ரம்பெட் இல்லை, டிம்பனி இல்லை, பாட்டும் இல்லை, கருவிகள் மட்டும். இரவில் மந்தையைக் காத்துக்கொண்டிருக்கும் மேய்ப்பர்கள். நாலு ஓபோக்கள், அதில் இரண்டு ஓபோ டா காச்சா என்னும் வளைந்த, கீழ் நுனியில் பித்தளைப் புனல் வைத்த வகை. லைப்சிக்கிலேயே ஐக்கன்டோப்ஃப் என்னும் கருவித் தச்சர் பாக் காலத்தில் அப்படிப்பட்ட ஓபோக்களைச் செய்துகொண்டிருந்தார். வயலின்களும் ஃப்ளூட்டுகளும் மேலே வானத்தில் ஒரு பாட்டை ஆரம்பிக்கின்றன, கீழே ஓபோக்கள் தங்கள் பாட்டுக்கு வேறொன்றை வாசிக்கின்றன, இரண்டும் மாறி மாறி வந்து, போகப் போக ஒன்றின் பாட்டை ஒன்று கடன் வாங்கி, கடைசியில் சேர்ந்துவிடுகின்றன. தூதர்களும் மேய்ப்பர்களும் ஒரே பாட்டுக்கு வருகிறார்கள் என்று பலர் இதை விளக்குகிறார்கள், எனக்கும் அப்படித்தான் கேட்கிறது. நாகசுரம் கேட்டு வளர்ந்த காதுக்கு ஓபோவின் நாணல் ஒலி அந்நியமாகவே இருக்காது. யார் வாசிக்கிறார் என்று பார்க்க முடியாத அந்த இருக்கையில், ஓபோ எங்கே முடிந்து ஃப்ளூட் எங்கே தொடங்குகிறது என்று காதாலேயே தேடிக்கொண்டிருந்தேன். மொத்த மாலையிலும் எனக்கு மிகப் பிடித்த சில நிமிடங்கள் இவை.

தனிப்பாடகர்கள் பெரியவர்கள், வெளியிலிருந்து அழைக்கப்படுகிறவர்கள், வருடா வருடம் மாறுவார்கள், அதனால் பெயர் சொல்லிப் பயனில்லை. நான் கேட்ட மாலையில் ஆல்ட்டோ பிரமாதம், குறிப்பாக மூன்றாம் பாகத்தில் ஒற்றை வயலினோடு வரும் ஆரியா, இந்த அற்புதத்தை உனக்குள் பூட்டி வை என்று நெஞ்சைப் பார்த்துச் சொல்வது. முதல் மூன்று பாகங்களில் பழைய இசையை எடுக்காமல் இதற்கென்றே புதிதாக எழுதிய ஆரியா அது ஒன்றுதான், கையெழுத்துப் பிரதியில் அவர் அடித்துத் திருத்தியிருக்கிறார். சுவிசேஷகராகக் கதை சொல்லும் டெனர் லூக்கா சுவிசேஷத்தை ஒரு நல்ல வாசகர் வாசிப்பதைப் போலத் தெளிவாகச் சொன்னார், ஆனால் மேய்ப்பர்களே விரைந்து போங்கள் என்னும் ஆரியாவில் மூச்சு போதாமல் திணறினார். கொடுமையான பாட்டு அது, ஃப்ளூட் வாசிக்கும் அதே பிருகாக்களைக் குரலும் பிடிக்க வேண்டும், இதில் தப்பிக்கிற டெனர்கள் குறைவு. பேஸ் பாடகரின் கீழ் ஸ்வரங்கள் ட்ரம்பெட் ஆரியாவில் காணாமல் போயின. ட்ரம்பெட் வாசித்தவரோ அதே ஆரியாவில் ஒரு ஸ்வரம்கூடச் சிதறாமல் வாசித்தார்.

ஒலியைப் பற்றி நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். பாக் கேட்ட ஆலயம்தான் இது, ஆனால் பாக் கேட்ட உள்கட்டு இப்போது இல்லை. அன்றைக்கு அடுக்கடுக்காக மர மாடங்களும் குடும்பங்களுக்கென்று தனித்தனிக் கூண்டு இருக்கைகளும் அடைத்துக்கொண்டிருந்தன, அந்த மரமெல்லாம் எதிரொலியைக் குடித்துவிடும். ஹோப் பேகனால் என்னும் ஒலியியல் நிபுணர் 1930 வாக்கில் ஒரு வாதம் வைத்தார்: பெரிய கல் ஆலயத்தில் பாடினால் வேகமான குரல்கள் எல்லாம் குழம்பிக் கஞ்சியாகிவிடும், தோமா ஆலயம் மரத்தால் நிரம்பி எதிரொலி குறைந்திருந்ததால்தான் பாக்கால் இவ்வளவு வேகமாக, இவ்வளவு பின்னலாக எழுத முடிந்தது என்று. 1880களில் நடந்த பெரிய புதுப்பிப்பில் அந்தப் பழைய மர வேலைப்பாடுகளில் பெரும்பகுதியை எடுத்துவிட்டுப் புதிய கோதிக் பாணிக்கு மாற்றினார்கள். ஆகவே இன்று எதிரொலி கூடுதல். ஆனாலும் கூட்டம் நிறைந்த மாலையில் குளிர்காலக் கோட்டுகள் அத்தனையும் அதில் பாதியை வாங்கிக்கொள்ளும், கோரஸ் வரிகள் தனித்தனியாகக் கேட்கும். கொலோன் மாதிரி மாபெரும் கதீட்ரலில் இதையே கேட்டால் அழகான மேகம் ஒன்று கேட்கும், இங்கே மேகத்துக்குள் ஒவ்வொரு இழையும் கேட்கிறது. அதுதான் வித்தியாசம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஐரோப்பாவின் பெரிய நகரங்களில் தெருவுக்கு ஒரு விளம்பரம் இருக்கும், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பரோக் இசை என்று. சுற்றுலா வருகிற நம் ஆட்கள் அதில்தான் போய் விழுகிறார்கள். வேறொரு நாட்டின் தலைநகரத்தில் அப்படி ஒன்றுக்கு நானும் போயிருக்கிறேன், இடத்தின் பெயர் வேண்டாம். கொயரும் இசைக்குழுவும் என்று போட்டிருந்தார்கள், வந்தது ஒரு கைப்பிடி வயலின்காரர்களும் ஒரே ஒரு பாடகியும், தெரிந்த பாட்டுகளின் பாதிப் பாதியைக் கோத்து ஒரு மணி நேரத்தில் முடித்து அடுத்த காட்சிக்கு ஆளை உள்ளே விட்டார்கள். மெழுகுவர்த்தியும் மின்சாரம். வாசித்தவர்கள் திறமைசாலிகள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அந்த மாதிரி மாலைக்குக் கொடுக்கும் பணத்தில் லைப்சிக்கில் ஒரு முழுக் கொயர், முழு இசைக்குழு, வெட்டாத முழுப் படைப்பு கிடைக்கிறது.

டிக்கெட் எப்படி என்றால், வெகு முன்னாலேயே வாங்க வேண்டும். கிறிஸ்மஸ் ஓரட்டோரியோ ஜெர்மானியர்களுக்கு மார்கழி மாதிரி, வருடா வருடம் குடும்பத்தோடு வருகிறவர்களே அதிகம், டிசம்பர் பிறந்த பிறகு தேடினால் மிச்சம் இருப்பது ஓரிரு மூலைகள்தான். ஆலயத்தின் அல்லது கொயரின் சொந்த விற்பனை வழியாகவே எடுங்கள். மறுவிற்பனைத் தளங்களில் இரண்டு மடங்குக்கு மேல் விலை வைத்து, எந்த இருக்கை என்றும் சொல்லாமல் விற்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் அப்படி வாங்கி, தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தார். பார்வை மறைக்கும் இருக்கைகளை விற்பனையிலேயே குறைந்த விலைக்குத் தருகிறார்கள், மேலே சொன்ன காரணத்தால் எனக்கு அது நஷ்டமே இல்லை, எப்படியும் பின்னால் இருப்பவர்களைப் பார்க்கப் போவதில்லை. மாணவர்கள் சலுகை விலை கேட்டுப் பாருங்கள், அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

பாடல் வரிகள் அச்சிட்ட நிகழ்ச்சிக் கையேட்டை உள்ளே போகும்போதே வாங்கிவிடுங்கள். ஜெர்மன் தெரியாதவர்கள் முதல் நாளே ஒரு மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டுப் போவது மிகவும் உதவும், முதல் நாலு பாகத்தின் கதை லூக்கா 2ஆம் அதிகாரம், கடைசி இரண்டுக்கு மத்தேயு 2ஆம் அதிகாரம், தமிழ் பைபிளை எடுத்து அதை ஒருமுறை வாசித்தாலே சுவிசேஷகர் எங்கே இருக்கிறார் என்று பிடித்துவிடலாம். கைதட்டல் கடைசியில்தான், பாகங்களுக்கு நடுவில் தட்டுவதில்லை. நான் போன மாலையில் கடைசிக் கோரஸ் முடிந்ததும் யாரும் உடனே தட்டவில்லை, ஒலி கூரையில் அடங்கும்வரை விட்டார்கள், பிறகு நீண்ட நேரம் நின்றுகொண்டு தட்டினார்கள்.

கொஞ்சம் சீக்கிரம் போனால் ஆலயத்துக்கு எதிரே இருக்கும் பாக் அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம், போஸே குடும்பத்தின் பழைய வீடு அது, பாக் குடும்பத்துக்கு நெருங்கிய நண்பர்கள் அவர்கள். ஆலயத்துக்குத் தெற்கே 1908இல் வைத்த பாக் சிலை, எல்லாரும் படம் எடுப்பது. உள்ளே பீடத்துக்கு முன்னால் தரையில் அவர் பெயர் பொறித்த எளிய கல்லறைத் தகடு, மேலே எப்போதும் யாராவது பூ வைத்திருப்பார்கள். முதலில் அவரைப் புதைத்தது வேறோர் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், அந்த ஆலயம் போரில் அழிந்த பிறகு இங்கே கொண்டுவந்தார்கள், 1950 முதல் இந்த இடம். பசித்தால் பக்கத்துக் கடைகளில் லைப்சிகர் லெர்ஹ என்று பாதாம் வைத்த சின்னப் பலகாரம் கிடைக்கும். ஒரு காலத்தில் நிஜ வானம்பாடிக் குருவிகளை மாவில் வைத்துச் சுட்டுத் தின்றிருக்கிறார்கள், 1876இல் குருவி பிடிக்கத் தடை வந்த பிறகு பாதாமுக்கு மாறியது, சைவக்காரர்கள் தைரியமாகச் சாப்பிடலாம், முட்டை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சின்னக் குழந்தைகளை அழைத்துப் போகலாமா என்று கேட்டால், ஆறேழு வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. டிம்பனியும் ட்ரம்பெட்டும் வரும் இடங்களில் அவர்களாகவே கேட்பார்கள், தாலாட்டில் தூங்கிவிட்டாலும் தப்பில்லை. அதைவிடச் சின்னவர்கள் என்றால், அல்லது டிக்கெட் கிடைக்கவில்லை, காசு கையைக் கடிக்கிறது என்றால், வேறொரு வழி இருக்கிறது, பலருக்கும் இது தெரிவதில்லை. பள்ளி நடக்கும் வாரங்களில் வெள்ளி மாலை ஆறு மணிக்கும் சனி மத்தியானம் மூன்று மணிக்கும் தோமானர் அதே ஆலயத்தில் மோட்டெட் ஆராதனையில், அதாவது கொயர் இசையே முதன்மையான ஆராதனையில், பாடுகிறார்கள், விடுமுறையில் வேறு கொயர்கள் வரும். வெள்ளியில் பெரும்பாலும் கொயர் மட்டும், சனியில் இசைக்குழுவோடு பாக் கான்டாட்டா. நுழைவுக்கு நிகழ்ச்சித்தாளை வாங்கினால் போதும், ஒரு காப்பி விலைதான். முன்பதிவு கிடையாது, அரை மணி நேரம் முன்னால் வரிசையில் நில்லுங்கள். அது ஆராதனை, அதனால் கைதட்டக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, நடுவில் எல்லாரும் எழுந்து ஒரு பாட்டுப் பாடுவார்கள், நீங்களும் பாடலாம். மெட்டு உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, தமிழ்ச் சொற்களில் பாடினாலும் பக்கத்தில் இருப்பவர் திரும்பிச் சிரிப்பாரே தவிர ஒன்றும் சொல்லமாட்டார்.

நான் அடுத்த தடவை போவது கடைசி மூன்று பாகத்துக்கு. நாலாம் பாகத்தில் ட்ரம்பெட்டுக்குப் பதில் இரண்டு ஹார்ன் வருகிறது, ஒரு சோப்ரானோ கேள்வி கேட்க எங்கிருந்தோ இன்னொரு குரல் ஆம், இல்லை என்று எதிரொலியாகப் பதில் சொல்லும் ஆரியாவும் அதில்தான். அந்த எதிரொலிக் குரலைத் தோமா ஆலயத்தில் எந்த மூலையில் நிறுத்துவார்கள் என்று தெரிந்துகொள்ளவே ஒரு டிக்கெட் எடுக்கலாம்.